சரியக்காவின் ஞாயிற்றுக்கிழமை

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளைச் ‘சரியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் என்ன கேட்டாலும் ‘சரி’ என்பாள். அந்த ஒரு சொல்தான் திக்காமல் வரும். மற்றதெல்லாம் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எதிரில் நிற்பவர் முகம் மாறும். அதைப் பார்த்ததும் இவள் பாதியிலேயே ‘சரி’ என்று முடித்துக்கொள்வாள்.

அதனால் அடுத்தவர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையெல்லாம் இவள் தலையில் விடிந்தது. ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லப் பயந்து, அந்த இடுப்போடு வீட்டுக்கு நடந்தே வருவாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் முதல் நாளே தலைவலி வந்துவிடும்.

கணவன் நல்லவன். அவள் வாயெடுத்ததுமே மீதியை அவனே சொல்லிவிடுவான். டாக்டரிடமும் அப்படித்தான்.

“இடது பக்கம்தான் வலிக்குதுங்க,” என்றான்.

அவள் கையோ வலது பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இடுப்புக்கு மருந்து எழுதிவிட்டு, அவளை மட்டும் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் அனுப்பினார்.

அந்த அம்மா கேட்டது வேறு மாதிரி இருந்தது. “திக்கிடுமோன்னு பயந்து எங்கெல்லாம் போகாம இருக்கீங்க?”

சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அந்த அம்மா ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. எல்லாம் சொன்னபின், அழக்கூட இவளுக்கு அலுப்பாக இருந்தது.

“திக்குறது ஒரு பக்கம் இருக்கட்டும்மா. உங்கள அடிச்சுப் போட்டிருக்கிறது அந்தப் பயம். அதையும் கவனிக்கணும். திக்கிக்கிட்டே பேசுங்க. முதல்ல சின்ன இடமாப் பாத்து.”

மருந்துக்கடையில் ஆரம்பித்தாள். மறுமுறை போனபோது அந்த அம்மா கேட்டார்: “என்ன நடக்கும்னு நெனச்சீங்க?”

“சி... சிரிப்பாங்கன்னு.”

“சிரிச்சாங்களா?”

“ஒ... ஒருத்தி.”

“அப்புறம்?”

“மா... மாத்திரை குடுத்தாங்க.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் அவள் பேச்சை முடித்துவைக்கக் கணவன் வாயெடுத்தபோது, “நா... நானே சொல்றேன்,” என்றாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைவிட அவனுக்குத்தான் வியர்த்தது.

சில மாதம் கழித்து சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் வந்தார். “அக்கா, ஞாயித்துக்கெழமை வந்துடுறீங்கல்ல?”

“மு... மு...”

“சரிதானே?” என்று திரும்பி நடந்தார்.

“இ... இருங்க சார். மு... மு... முடியாது.”

அவர் முகம் மாறத்தான் செய்தது. முணுமுணுத்துக்கொண்டே வேறு ஆளைத் தேடிப் போனார். அன்று முழுக்க அவள் விரிப்புகளைத் தப்புத் தப்பாக மடித்தாள்.

அடுத்த வாரம் அவர் கேட்டபோது, பழக்கதோஷத்தில் ‘சரி’ என்று வாயில் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ‘சரி’ வரவில்லை, ‘மு... முடியாது’தான் வந்தது. இப்போதும் அப்படித்தான், பாதிக்குப் பாதி. ஆனால் பஸ்ஸில்தான் வருகிறாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கியும் விடுகிறாள்.