பூவரசில் இரண்டு எறும்புகள்

மந்தைவெளி ஸ்டேஷனை ஒட்டிய பூவரசு. இதன் இலையடியில் தேன் கசியும். அதைக் குடிக்கும் இரண்டு வகை எறும்புகளை ஆய்வுக்காக ஒப்பிடத்தான் மதுரையிலிருந்து மறுபடி வந்திருக்கிறேன். கருப்பு குடித்துவிட்டுப் போய்விடும்; சிவப்பு முசுறு இலையிலேயே நின்று புழுக்களைக் கடித்து விரட்டும். இன்று இரண்டுமே இல்லை. தேன் சும்மா கசிகிறது.

மரத்தடியில் இஸ்திரி போடும் அக்காவைக் கேட்கிறேன்.

"செவப்பு கடிச்சிக்கினே இருந்திச்சி சார். அதுக்குத்தான் மருந்து தூவினேன். கருப்பு வந்து சாமி எறும்பாச்சே, அதுக்குப் போடுவனா?"

அடிமரத்து வெள்ளைப் பொடியில் கருப்பும் சிவப்பும் சேர்ந்தே காய்ந்து கிடக்கின்றன.

"இப்போ மரம் பூரா கம்பளிப்பூச்சி. துணில வுழுது. நாளைக்கு வெட்ட வராங்க."

கடித்ததுதான் மரத்தைக் காத்தது என்று இனி யாரிடம் சொல்ல? வெயில் ஏறுகிறது. மிச்சமிருக்கும் நிழலுக்குள் அக்கா வண்டியைத் தள்ளிக்கொள்கிறார்.