தொப்பி போட்டுக்கொண்டு வருவது

1988, ஆகஸ்ட் முதல் வாரம்.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்தவர் ஆரோக்கியம். என் கல்லூரித் தோழி மேரியின் கணவர், டாக்சி ஓட்டுபவர். கொசுவால் பரவும் வைரஸ்கள் பற்றிய மூன்று வாரப் பயிற்சிக்கு என் சென்னை ஆய்வுக்கூடம் என்னை அனுப்பியிருந்தது. ஹோட்டலில் தங்கவைக்க அவர்களுக்கு ஏது வசதி? பிடோக்கில் மேரி வீட்டில்தான் ஜாகை. பத்தாவது மாடி. கதவைத் திறந்ததும் மாதா சுரூபம், அதன் காலடியில் வாயகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் தீர்த்தம். ஆரோக்கியம் அதில் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் செருப்பையே கழற்றினார்.

மறுநாள் காலை ஃபேரர் பார்க்கில் தோசை, ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். சாம்பார் கொஞ்சம் தித்தித்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஒரே பஸ்.

பயிற்சி கொடுத்தவர் லிம், என் வயதுக்காரர். அவர் காட்டிய சோதனையைச் சொல்லியாக வேண்டும். நம் செல்லுக்குள் புரதம் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ. சரடுகளின் தலையில் ஒரு சின்ன வேதித் தொப்பி உண்டு. அதைப் பார்த்துத்தான் செல் சரடைப் படிக்கத் தொடங்கும். கொசு கொண்டுவரும் வைரஸ்கள் பலவும் அதே மாதிரி தொப்பியோடு வருகின்றன. செல்லும் நம்ம வீட்டு ஆள்தானே என்று நம்பிப் படித்து, புது வைரஸ்களைப் பெற்றுத் தள்ளுகிறது.

லிம் ஒரு வைரஸின் சரடைச் சோதனைக்குழாயிலேயே செய்தார். பாதிக்குத் தொப்பி போட்டார், பாதிக்குப் போடவில்லை. இரண்டையும் தனித்தனித் தட்டில் வளரும் செல்கள்மேல் விட்டோம். சில நாள் கழித்துப் பார்த்தால், தொப்பியில்லாத தட்டில் ஒரு மாற்றமும் இல்லை. மற்றதில் செல்கள் செத்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. எந்தக் கொசுவிலும் எந்த மனிதனிலும் இருந்திராத ஒன்று, போன வாரம் வரை வெறும் ரசாயனமாகப் பாட்டில்களில் கிடந்தது, இப்போது தின்று பெருகிக்கொண்டிருந்தது. லிம் சிரித்தார். நான் தட்டின் மூடியை மறுபடி அழுத்தி மூடினேன்.

அன்று வீடு திரும்பினால் ஆரோக்கியம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். நான் நேராகக் குளியலறைக்கு ஓடி முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நான்தான் கொண்டுவந்துவிட்டேனோ? மேரியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரவெல்லாம் அந்தத் தட்டின் ஓட்டைகள் கண்ணுக்குள் நின்றன.

மருத்துவமனையில் டெங்கு என்றார்கள். எங்கள் தட்டில் இருந்தது வேறு குடும்பத்து வைரஸ். பழியிலிருந்து நான் தப்பித்தேன், நோயிலிருந்து ஆரோக்கியம் தப்பிக்கவில்லை. இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின, ஈறில் இரத்தம் கசிந்தது.

மாலை மேரியோடு வீட்டுக்கு வந்தேன். அவள் வழக்கம்போல் கிண்ணத்தில் விரலை விட்டாள். விரலைச் சுற்றித் தண்ணீர் நெளிந்தது.

"மேரி, கையை எடு!"

குனிந்து பார்த்தோம். கிண்ணம் முழுக்கக் கொசுப்புழு, தலைகீழாகத் தொங்கித் துள்ளிக்கொண்டு.

"இந்தத் தண்ணிய எப்ப மாத்துன?"

"மாத்துறது இல்லடி. மந்திரிச்ச தண்ணிய சிங்க்ல ஊத்தக்கூடாது, மண்ணுலதான் ஊத்தணும். பத்தாவது மாடில மண்ணுக்கு எங்க போறது? கோயில்லேர்ந்து கொண்டுவந்து மேல மேல ஊத்திக்குவேன்."

"வீடு வீடா கொசுப்புழு தேடுற ஆபீசர் வந்து பாக்கலையா?"

"வந்தாங்க லா. பூ ஜாடி, பாத்ரூம் எல்லாம் செக் பண்ணாங்க. மாதாகிட்ட மட்டும் கை வைக்கல."

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு கிண்ணத்தை இரு கையாலும் எடுத்தாள். லிஃப்டில் இறங்கினோம். அவளுடைய ஜெபத்தையெல்லாம் கேட்டிருந்த தண்ணீர் அவள் கையில் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. பிளாக்கின் கீழே மரத்தடியில் ஊற்றினாள். மண் உறிஞ்சிக்கொண்டது, புழுக்கள் மேலே கிடந்து நெளிந்தன. அவை அடங்கும் வரை இருவரும் நகரவில்லை.

ஆரோக்கியம் பிழைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போதும் அவருக்கு வண்டி ஓட்டத் தெம்பில்லை. சாங்கிக்கு மேரி மட்டும் வந்தாள்.

"ஒருவாட்டி வந்தா மறுபடி வராதுல்ல, அம்மை மாதிரி?" என்றாள்.

தலையாட்டிவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"டெங்குல நாலு வகை இருக்கு மேரி. வேற வகை வந்தா, ரெண்டாவது தடவை இன்னும் மோசமாகலாம்."

அவள் என் கையை இறுகப் பிடித்தாள். "அவர்கிட்ட இப்ப சொல்லிடாதே. ஞாயித்துக்கிழமை நன்றிப் பூசை கொடுத்திருக்கார். பூசை முடியட்டும், நானே சொல்றேன்."

விமானம் மேலெழும்பியதும் சென்னையை நினைத்தேன். அங்கே எங்கள் வீட்டுக்கு எந்த அதிகாரியும் டார்ச் அடித்துப் பார்க்க வருவதில்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி, மிளகு ரசம், போர்வை. என்ன காய்ச்சல் என்று யாரும் கேட்பதில்லை. சின்ன வயதில் எனக்கும் அப்படி எத்தனையோ வந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்று டெங்குவாக, என் முதல் தடவையாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது.