அணைக்காத மைக்

நாடாளுமன்றத்தில் யார் பேசலாம் என்று சொல்வது சபாநாயகர். ஆனால் யார் குரல் வெளியே கேட்கும் என்பது மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மைக் அக்காவின் விரலில் இருந்தது. உறுப்பினர் எழுந்தால் அவர் இருக்கைக்கான பொத்தானை அழுத்துவாள். உட்கார்ந்த நொடியே அணைப்பாள். கண்கொத்திப் பாம்பாகக் கீழே பார்க்க வேண்டுமே தவிர, பேச்சைக் காதில் வாங்கவே கூடாது. வாங்கினால் கோட்டை விட்டுவிடுவோம். புண்ணியவதி அப்படி வாங்காமல் இருந்ததால்தான் இத்தனை வருடம் பைத்தியம் பிடிக்காமல் தப்பித்தாள்.

அவள் கணவனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. அந்த இரைச்சலிலேயே கிடந்து பழகியவன், விடுமுறைக்கு வந்தால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். "மெதுவாப் பேசுங்களேன், தெருவே கேக்குது" என்று தலையில் அடித்துக்கொள்வாள். உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் அவளிடம் பொத்தான் இல்லை. போன கோடையில் ஆயுதக்காரர்கள் நடுக்கடலில் அந்தக் கப்பலை மடக்கி, ஆட்களோடு பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு வீட்டில் அவளும் மாமியாரும்தான். டம்ளரைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவன் ஒரு தடவை வந்து கத்தமாட்டானா என்று ஏங்கிப்போனாள்.

அன்றைக்கு அவையில் எதிர்க்கட்சி அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்கப்போவது எல்லோருக்கும் தெரியும். "இன்னைக்கு நீ உக்கார வேண்டாம்மா" என்றார் மேற்பார்வையாளர். மாமியாரிடமும் உட்காரமாட்டேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆனால் நேரம் நெருங்க நெருங்க இருப்புக்கொள்ளவில்லை. பொத்தானருகே இருந்த பெண்ணிடம், "நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள்.

பிரதமர் எழுந்தார். அழுத்தினாள். முதல்முறையாகப் பேச்சைக் காதில் வாங்கினாள்.

"உறுப்பினரின் கவலை எங்களுக்கும் உண்டு. பேச்சுவார்த்தை தொடர்கிறது. ஊழியர்கள் அனைவரும் நலம்" என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். உட்கார்ந்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அவள் அணைக்கவில்லை. இவ்வளவுதானா, இன்னும் ஏதாவது சொல்வார் என்று விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி காத்திருந்தாள்.

பிரதமர் பக்கத்து அமைச்சரிடம் சாய்ந்தார். "கடைசியா எப்பங்க அவங்ககிட்ட பேசினோம்?"

"ரொம்ப நாளாச்சு சார். அந்தப் பக்கம் யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. நம்ம ஆளுங்க உயிரோட இருக்காங்களான்னே தெரியல."

அவை முழுக்கக் கேட்டது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுக்கவும் கேட்டது. "அணைம்மா! என்ன ஆச்சு உனக்கு?" என்று மேற்பார்வையாளர் ஓடிவந்தார். கீழே ஒரே களேபரம். பிரதமர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக மறுபடி எழுந்தார். இந்தத் தடவை கையில் காகிதம் இல்லை.

"மன்னிக்க வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை."

அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் உட்கார்ந்த பிறகுதான் அணைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நல்லவேளை நீ அங்க உக்காரல. எவளோ ஒரு பாவி மைக்கை அணைக்காம விட்டுட்டா. 'அனைவரும் நலம்'ங்கிறதோட நிறுத்தியிருந்தா, இன்னைக்கு ராத்திரியாவது தூங்கியிருப்பேன்."

"நான்தான் அத்தை அது."

மாமியார் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அப்ப நீ முழுசாக் கேட்டிருப்பே. அவன் பேரை யாராவது சொன்னாங்களா?"

"இல்ல அத்தை. சொல்லுவாங்கன்னுதான் அணைக்காம உக்காந்திருந்தேன்."