பாஸ் கொடுத்தவள்

பிர்தௌஸ் எங்கள் பள்ளியின் கால்பந்து கோச். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி. யாரைப் பற்றியும் குறை பேசமாட்டாள். ஆனால் கவிநிலா என்ற பெயரை யாராவது சொன்னால் பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிடுவாள். ஏன் என்று அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவள் அப்பா ஜியாவுல்லாவுக்கு டவுனில் மெத்தைக் கடை. மகள் பந்து விளையாடுவதில் அம்மா அஜ்மத் பேகத்துக்குத்தான் தயக்கம். அப்பா முழுக்கால் பேண்ட் போட்டுக்கொள்ளச் சொன்னதோடு சரி. மகளிர் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே டீமில் நடு ஆட்டக்காரியாகிவிட்டாள். கவிநிலாவும் அதே வாரம்தான் சேர்ந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா சுப்பிரமணி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி.

மூன்று வருடமும் ஆட்டம் ஒரே மாதிரிதான் நடந்தது. பிர்தௌஸ் நடுவில் பந்தை வாங்கி, இரண்டு பேரை ஏமாற்றி, காலி இடம் பார்த்துத் தள்ளுவாள். கவிநிலா ஓடிவந்து கோல் அடிப்பாள். பேப்பரில் கோல் அடித்தவள் பெயர் மட்டும் வரும். ஒருமுறை அந்தச் செய்தியை வெட்டி கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். பிர்தௌஸ் அதன் முன்னால் நின்று மூன்று தடவை படித்தாள். தன் பெயர் எங்கேயும் இல்லை. நான் கொடுக்கலைன்னா இவ எதை அடிச்சிருப்பா என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியதாம்.

கடைசி வருடம் வேலூரில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. மிச்சமிருந்தது ஒரு இடம், அதற்கு இவர்கள் இரண்டு பேர். கவிநிலா பெயரை வாசித்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கவிநிலா இவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோளை நகர்த்த மனசு வரவில்லை, அந்தப் பாரத்தைத் தாங்கவும் பிடிக்கவில்லை. போளூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

அதன் பிறகு கவிநிலா மாநில அணிக்குப் போனாள். பிர்தௌஸ் உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற அமானோடு கல்யாணம் ஆனது. நல்ல மனுஷன். குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தும் தினமும் காலையில் கண் விழித்ததும் கவிநிலாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத்தான் பார்ப்பாள். கோவாவில் ஒரு படம், கொல்கத்தாவில் ஒரு படம். பார்க்கக் கூடாது என்று மறைத்து வைப்பாள், மறுநாளே தேடி எடுத்துப் பார்ப்பாள். கவிநிலாவுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்து ஆட்டம் நின்றபோது துஆ செய்கிறேன், சீக்கிரம் குணமாகட்டும் என்று செய்தி அனுப்பினாள். "அனுப்பும்போது மனசு லேசா இருந்துச்சுக்கா. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு என்னையே பிடிக்கல" என்றாள் என்னிடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கவிநிலா விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வாங்கி, இந்த ஊருக்கே கோச்சாக வந்தாள். வேங்கிக்கால் பக்கம் மைதானம். புதுப் பந்துகள், புது வலை. எங்கள் பள்ளி மைதானத்தில் பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வரும் வெளியூர் பஸ்களை நிறுத்துவார்கள், அடுத்த இரண்டு நாளும் டயர் பள்ளத்தில் கால் மடங்கும். எங்கள் பிள்ளைகளில் மூன்று பேர் சாயந்திரம் அங்கே போக ஆரம்பித்தார்கள். பிர்தௌஸ் அந்த மூன்று பேரையும் அடுத்த மேட்சில் வெளியே உட்கார வைத்தாள்.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். மாவட்ட அணிக்குத் தேர்வு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் பிள்ளைகளை அனுப்பு என்று கவிநிலா செய்தி அனுப்பியிருந்தாள். பிர்தௌஸ் படித்தாள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை வழக்கம்போலப் பயிற்சி கொடுத்தாள்.

எங்கள் கோல்கீப்பர் நிறைமதி. அவள் அம்மா காசியம்மாள் கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். விஷயம் காதுக்கு எட்டியதும் பள்ளிக்கே வந்து விசாரித்தார். தனக்குத் தகவலே வரவில்லை என்று பிர்தௌஸ் சொன்னாள். காசியம்மாள் நேராக வேங்கிக்காலுக்குப் போய் கவிநிலாவைக் கேட்டுவிட்டார்.

செய்தி படிக்கப்பட்டதற்கான நீலக் குறி கவிநிலாவின் போனில் இருந்தது. அதை அவள் காட்டவில்லை. நான்தான் அனுப்ப மறந்துட்டேன், என் தப்பு என்று சொல்லி, மேலே பேசி எங்கள் பள்ளிக்கு மட்டும் தனியாக ஒரு தேர்வுக்கு ஏற்பாடு செய்தாள்.

இதைக் கேட்டதும் பிர்தௌஸுக்கு நன்றி வரவில்லை. வயிறுதான் எரிந்தது. நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று தோன்றியது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அமான் உடம்புக்கு என்ன என்று கேட்டு மாத்திரை வாங்கி வந்தான்.

மூன்றாம் நாள் காலையில் காசியம்மாள் கடைக்குப் போனாள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றிருந்தாள்.

"தகவல் வந்துச்சுக்கா. நான்தான் சொல்லல" என்றாள்.

காசியம்மாள் இட்லித் தட்டைக் கீழே வைத்தார். "ஏன் மிஸ்?"

"அவ மேல பொறாமை."

"எனக்கும் எதிர்க்கடைக்காரி மேல பொறாமைதான். ஜாஸ்தியாவே இருக்குது. அதுக்குன்னு என் புள்ள தட்டுல மண்ணள்ளிப் போடுவனா?"

கேட்டுவிட்டு காசியம்மாள் அடுத்த ஈடு இட்லி ஊற்றப் போய்விட்டார். ஒரு மாதம் இவளோடு பேசவில்லை.

அன்று மாலையே கவிநிலாவிடமும் போனாள். ஏன்டி என்னைக் காப்பாத்துன என்று கேட்டாள். கவிநிலா கோபமாகத்தான் இருந்தாள். "உனக்காகப் பண்ணல. உன் பேரு கெட்டா அந்தப் பிள்ளைங்கள யாரு விளையாட அனுப்புவாங்க? இன்னொரு தடவை பண்ணுனா நானே வந்து எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்" என்றாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

தேர்வில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் தேறினார்கள். நிறைமதிக்கு மாற்று கீப்பர் இடம்தான் கிடைத்தது. முதல் தேர்வுக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, யாருக்குத் தெரியும்? அதை நினைத்து பிர்தௌஸ் இப்போதும் வருந்துகிறாள். சனிக்கிழமைதோறும் வேன் வைத்து எல்லோரையும் அவளே வேங்கிக்காலுக்குக் கூட்டிப்போகிறாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டேன்.

"கம்மி ஆயிருக்குக்கா. போகல."

போன மாதம் கவிநிலாவுக்குப் பதவி உயர்வு வந்தது. பிர்தௌஸ் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்ததாம். இறங்கவில்லை. போனபோது கவிநிலா வீட்டில் இல்லை. அவள் அம்மா தனத்திடம் கொடுத்துவிட்டு, அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தாள். நேரில் பார்க்காமல் போனது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது என்று மறுநாள் என்னிடம் சொன்னாள்.