சரஸ்வதியிடம் அகப்பட்ட சுத்தியல்

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஐந்தாம் வயது நடந்துகொண்டிருந்த வீரன் ஒருவன் எழுத்தின்மீது போர் தொடுத்திருந்தான். அவன் என் அக்காவின் ஒரே மகன். முன்னொரு விஜயதசமியன்று அவன் அப்பாவான என் அத்திம்பேர் அவனை மடியில் இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து முதலெழுத்தாக ஹரிஸ்ரீ எழுதுவிக்க முயன்றார். அவன் தாம்பாளத்தை உதைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். அன்றுமுதல் சிலேட்டைக் கண்டாலும் சரி, சாக்குக்கட்டியைக் கண்டாலும் சரி, அவனுடைய வலக்கை முதுகுக்குப் பின்னே போய் ஒளிந்துகொள்ளும்.

"இந்த வருஷமும் ஓடினான்னா பள்ளிக்கூடத்துல எப்படிடா சேர்ப்பேன்?" என்று நவராத்திரி பிறப்பதற்கு முன்பே அக்கா கலங்கினாள். "ஊரெல்லாம் மேடையேறிப் பேசறியே, இவன்கிட்டப் பேசி ஜெயியேன் பார்ப்போம்."

நான் அப்போது கல்லூரி மாணவன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். நான் வென்ற கோப்பைகள் அக்காவின் சமையலறையில் கடுகும் வெந்தயமும் தாங்கிப் பெருமிதத்துடன் நின்றன. அத்தகையவனிடம் விடுக்கப்பட்ட அறைகூவல் அல்லவா இது? "அக்கா, குழந்தை எழுத்துக்கு அஞ்சவில்லை, தன் கைக்கு அஞ்சுகிறான். அந்தக் கையைப் பழக்குகிற விளையாட்டுச் சாமான் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். விஜயதசமியன்று அவன் தானாக வந்து எழுதுவான்," என்று முழங்கினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாளே கிங்ஸ் சர்க்கிளில் டிராம் ஏறி மூவரும் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போனோம். யுத்தக் காலம். சாவி கொடுத்தால் ஓடும் சீமைப் பொம்மைகள் கடைகளிலிருந்து மறைந்துபோயிருந்தன. சாவந்த்வாடி ஊரிலிருந்து வரும் மரப்பொம்மைகளே எங்கும் அரக்குப் பூச்சில் பளபளத்தன. எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு சந்துக்குள் இத்தனை கல்வியா! வண்ண மணிகள் கோத்த சட்டத்தை எடுத்தேன், கணிதம் என்றேன். பையன் அதைத் தரையில் படுக்கவைத்து, டிங் டிங் என்று கூவிக்கொண்டு தாதர் டிராமாக ஓட்டினான். ஒன்றையொன்று விழுங்கும் பெட்டிகளை எடுத்தேன், அளவறிவு என்றேன். மிகச் சிறிய பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, அப்பா ஆபீஸா?" என்றான். எழுத்துக் கட்டைகளை எடுத்தேனோ இல்லையோ, வலக்கை முதுகுக்குப் பின்னே போய்விட்டது.

அப்போதுதான் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு சாமானை இறக்கினார். குட்டிப் பெஞ்சு போன்ற மரப்பலகை. அதன் துளைகளில் இறுக்கமாகச் செருகிய வண்ண முளைகள். கூடவே ஒரு மரச் சுத்தியல். முளைகளை அடித்து உள்ளே இறக்க வேண்டும், பலகையைக் கவிழ்த்தால் அவை மறுபுறம் தலைநீட்டி நிற்கும், மறுபடியும் அடிக்கலாம். முடிவே இல்லாத விளையாட்டு.

முதுகுக்குப் பின்னிருந்த கை முன்னே வந்தது. டக்!

"இதுல ஓரெழுத்துகூட இல்லையேடா," என்றாள் அக்கா.

நான் கடையின் நடுவிலேயே நின்று விளக்கினேன். சுத்தியலைப் பற்றுகிற விரல்கள் நாளை பேனாவைப் பற்றும். குறி தவறாத கண் நாளை வரி தவறாது. விழுந்த முளை மறுபுறம் எழுவதைக் காணும் உள்ளம் நாளை தோல்விக்கு அஞ்சாது! தமிழ் அறியாத கடைக்காரர் கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டார். பிறகு இந்தியில், "வக்கீல் சாஹேப், தீர்ப்பு எப்பவோ ஆயிடுச்சு," என்று பையனைக் காட்டினார். அவன் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தான்.

வீடு அதிர்ந்தது. அத்திம்பேர் நகரின் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் தட்டச்சுப் பொறிகளின் நடுவே உட்கார்ந்து, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர். வந்ததும் பத்திரிகை, அதற்கு மேல் அவர் உலகத்திடம் எதையும் கேட்டதில்லை.

"என்னடா இது, வீடா பட்டறையா? பொம்மை வாங்கச் சொன்னா இடியை வாங்கிண்டு வந்திருக்கே!"

"அத்திம்பேர், மன்னிக்க வேண்டும். இதைப் பொம்மை என்பது அறிவுக்கே இழுக்கு. இது கல்விச் சாதனம்!"

டக், டக், டக் என்று பின்னணி முழங்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வாதத்தை அடுக்கினேன். அத்திம்பேர் பத்திரிகையை மடித்தார்.

"அப்போ இது படிப்புங்கறே?"

"ஐயமின்றி."

"விளையாட்டே இல்லை?"

"இம்மியளவும் இல்லை."

"சரி," என்றார். எதிர்க்கட்சி வாயடைத்துவிட்டது என்று எண்ணி, அன்று நான் இரண்டு தோசை அதிகம் தின்றேன்.

துர்காஷ்டமி மாலை பூஜை வைத்தோம். எங்கள் வீடுகளில் கல்வி தொடர்பான யாவும் அன்று சரஸ்வதியின் முன்னே போய்விடும். விஜயதசமியன்று பூஜை எடுக்கும்வரை எவரும் அவற்றைத் தொடலாகாது. என் கல்லூரிப் புத்தகங்கள், சொற்பொழிவுக் குறிப்புகள், அக்காவின் சுருதிப்பெட்டி, அத்திம்பேரின் பேனா, எல்லாம் பட்டுத்துணியின் மேல் ஏறின. கடைசியாக அத்திம்பேர் எழுந்தார். சுத்தியலையும் பலகையையும் இரு கைகளாலும் பக்தியோடு ஏந்திவந்து, புத்தகங்களின் உச்சியில் அமர்த்தி, சுத்தியலின் நெற்றியில் குங்குமமும் இட்டார்.

"அது என்னோடது!" என்று பையன் அலறினான்.

"உன்னோடதுதாண்டா கண்ணா. ஆனா படிப்பாச்சே! உங்க மாமாதானே சொன்னான்?"

நான் ஒரு கணமும் தயங்கவில்லை. மறுதரப்பில் பாய்ந்தேன். "சுத்தியல் எங்ஙனம் கல்வியாகும்? இதில் எழுத்துண்டா, எண்ணுண்டா? குழந்தையைக் கைகொட்டிச் சிரிக்க வைப்பது விளையாட்டன்றி வேறென்ன?"

"எதிர்க்கட்சிக்கு எப்போடா மாறினே?" என்றார் அத்திம்பேர். "அன்னிக்கு நீ பேசினதே எனக்குப் போதும். அதுவே நன்னா இருந்தது." பத்திரிகை மட்டும் கல்வியில் சேராது போலும்; நவராத்திரியில் முதன்முறையாக அவர் அதை நிம்மதியாகப் படித்தார்.

அக்கா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் முகம் வாடியது. "எழுத்துமேல இருக்கற பயம் போறாதுன்னு, இப்போ சரஸ்வதிமேலயும் கோபம் வந்துடுத்துன்னா? நாளன்னிக்கு இவன் உட்காருவானாடா?"



நவமி முழுதும் பையன் பூஜைக்கு எதிரே சம்மணமிட்டுக் காவல் இருந்தான். நான் அருகே போய் உட்கார்ந்தேன்.

"மாமா, சரஸ்வதி அதை அடிச்சு விளையாடுவாளா?"

"மாட்டாடா. பத்திரமா வெச்சிண்டிருக்கா."

"எப்போ குடுப்பா?"

எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று ஒரு சொற்பொழிவே நாவில் திரண்டிருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் பறந்துபோயிற்று. "நாளைக்குக் காலம்பற, நீ அரிசியில எழுதினப்புறம்," என்றேன்.

அவன் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நிறைய எழுதணுமா?"

"துளியூண்டு."

"வேகமா எழுதலாமா?"

"தாராளமா."

விஜயதசமி விடிந்தது. அக்கா கோலமாவை எடுப்பதற்குள், குளித்து, தலையில் நீர் சொட்டச் சொட்ட, இடுப்பில் குட்டி வேட்டியுடன் பையன் மணையில் அமர்ந்துவிட்டான். "அப்பா வா! அப்பா வா!" என்று கட்டடம் முழுவதையும் எழுப்பினான். விரலை நீட்டியபடியே இருந்தான். எங்கே மடக்கினால் முகூர்த்தம் தப்பிவிடுமோ என்பதுபோல.

அத்திம்பேர் விரலைப் பிடித்தார். உண்மையில் விரல்தான் அத்திம்பேரை இழுத்துச் சென்றது. அவர் "ஹரி" என்பதற்குள் அது தாம்பாளத்தின் மறுகரையில் இருந்தது. அரிசி நாற்புறமும் தெறித்தது.

"டேய், ரேஷன் அரிசிடா!" என்று கூவிய அக்கா, கூவிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்துக்கொண்டே என் தலைமேல் விழுந்த அரிசியைப் பொறுக்கினாள்.

ஹரிஸ்ரீ முடிந்தது. பையன் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை எழுதினா இன்னொரு சுத்தியல் குடுப்பாளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் விரலாலேயே ஒரு கோணல் கோடு இழுத்தான். சுத்தியல் பிடித்த விரல் பேனா பிடிக்கும் என்று அன்றே நான் சொன்னேனல்லவா என்று எழுந்து நின்று கேட்டேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை, அவ்வளவு மகிழ்ச்சி!

பூஜை எடுத்தாயிற்று. குங்குமம் கலையாத சுத்தியல் முதல் அடியைப் போட்டது. டக்! சிவப்பு முளை மட்டும் மஞ்சளும் சந்தனமும் பட்டு ஊறி இறங்க மறுத்தது. பையன் முக்கினான், முனகினான். பத்திரிகைக்குப் பின்னாலிருந்த அத்திம்பேரால் பொறுக்க முடியவில்லை.

"இப்படிக் குடுடா. இதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுத்தியலைத் தலைக்குமேல் ஓங்கினார்.

பையன் தன் வலக்கையால் தந்தையின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"மெதுவா, அப்பா," என்றான். "இது விளையாட்டுச் சாமான் இல்லை."