வாங்கிப் பார்க்கிற வேலை

தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி இடது தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே, வலது கைக் கட்டைவிரலால் மட்டும் போனில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கப் பார்க்கிறாள் அக்கா. அளவைத் தொட்டால் நிறம் மாறுகிறது. நிறத்தைத் தொட்டால் பக்கம் மேலே குதித்து ஓடுகிறது. நாலாவது முறையும் அப்படியே ஆனதும், "போச்சு, புள்ள முழிச்சுக்கிச்சு" என்று பாட்டிலை மேசைமேல் நிறுத்துகிறாள். "கைப்புள்ளக்காரி செருப்பு வாங்கக் கூடாதுன்னு சட்டமா? யாரு செஞ்சது இத?"

செய்தவர் இரண்டு மேசை தள்ளி, திரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொள்கிறார்.

கடைக்காரர்களுக்கு இணையத்தில் கடை கட்டிக் கொடுக்கிற சின்ன அலுவலகம் அது. சாவி வெட்டுகிற கடைக்கு மேல் மாடி. கீழே சாவி தேய்கிற கிரீச்சொலி நாள் முழுக்க ஏறி வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கடையும் திறப்பதற்கு முன் முதல் ஆளாக உள்ளே போய், எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, சரியாக இருந்தால் 'பாஸ்' போடுவது அக்காவின் வேலை. காசும் போகாது, பொருளும் வராது. அதனால்தான் அங்கே எல்லோருக்கும் அவள் 'கஸ்டமரக்கா'. இதற்கு முன் பெரிய துணிக்கடை ஒன்றில் சட்டைப் பிரிவில் பல வருடம் கால்கடுக்க நின்றவள். "வாங்காமப் போறவங்க முதுகப் பாத்தாலே தெரிஞ்சிடும், வெல புடிக்கலையா, நாம நடத்தின விதம் புடிக்கலையான்னு" என்பாள்.

அவளுடைய மேசை இழுப்பறையில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அதன் வில்லைகளில் வாசலைனைப் பூசி மாட்டிக்கொண்டால் அவள் கண்புரை வந்த கிழவி. படிக்கட்டுத் திருப்பத்தில், சிக்னல் விட்டு விட்டு வருகிற இடத்தில் குந்திக்கொண்டால் ஊருக்கு வெளியே குடியிருப்பவள். முகவரி நிரப்பி முடித்த பிறகு அனுப்புகிற செலவைக் காட்டும் கடைகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சாப்ட்டு முடிச்சப்புறம் தட்டுக்கு வாடக கேக்கறான் பாரு." திருப்பி அனுப்புகிற பொத்தானைக் கடைசிப் பக்கத்தில் எறும்பு அளவில் ஒளித்து வைத்தால் ஏச்சு இன்னும் நீளும்.

அவள் சொல்வதெல்லாம் சரி என்றும் இல்லை. ஒரு மருந்துக்கடையின் பச்சை நிறம் கண்ணுக்கே தெரியவில்லை என்று ஒரு வாரம் சண்டை போட்டாள். கடைசியில் பார்த்தால் வாசலைன் கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தாள். அதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. "அப்ப கண்ணு தெரியாதவங்களுக்கு மருந்து வேணாமா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

போன மாதம் ஒரு கடை வந்தது. காதுக்கருவி விற்கிறவருடையது. மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல், வந்தவுடன் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிற மனிதர். அக்கா வழக்கம்போல் உள்ளே போனாள். மாதாமாதம் பேட்டரி அனுப்பச் சம்மதம் என்கிற கட்டத்தில், யாரும் தொடாமலே டிக் விழுந்திருந்தது. 'இந்த விலை இன்னும் பத்து நிமிடம்தான்' என்று ஒரு கடிகாரம் ஓடியது. பக்கத்தை மூடித் திறந்தால் அதே பத்து நிமிடம் முதலிலிருந்து ஓடியது. இதுவரைக்கும் அவள் முணுமுணுத்ததோடு சரி. உதவிப் பக்கத்துக்குப் போனபோதுதான் கை நின்றது. கருவியில் குறை இருந்தாலும், பொருந்தாவிட்டாலும், திருப்பி அனுப்ப நினைத்தாலும் தொலைபேசியில் அழைத்துப் பேசவும் என்றிருந்தது. வேறு வழி எதுவும் இல்லை.

கடைக்காரரும் முதலாளியும் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். முதலாளி அவளைவிட வயதில் சின்னவர். தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அன்று அவரைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, காது கேக்காதவங்களுக்கு மெஷின் விக்கறீங்க. அது கேக்கலன்னா போன் பண்ணிச் சொல்லணும்னு போட்டிருக்கீங்க. எத வெச்சுக் கேட்டுப் பேசுவாங்க?"

கடைக்காரர் சிரித்தார். "வீட்ல யாராவது பேசுவாங்கம்மா. கேக்காதவங்க எங்க வாங்கறாங்க? வாங்கறதே கூட இருக்கறவங்கதான்."

அக்காவின் வீட்டுக்காரர் அச்சகத்தில் இயந்திரத்தின் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். காது ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இப்போது எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிறார், எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். அந்தக் கடை வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அவரைத் தாண்டி அக்காவைப் பார்த்து, "இவருக்கு எப்பலேர்ந்து கேக்கல? தலை சுத்துதா? கோவம் வருதா?" என்று கேட்டார். அக்காவும் ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். கோபம் வருவதைக்கூடச் சொன்னாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "என்னப் பத்தி என்ன பேசிக்கிட்டீங்க?" என்று அவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, வழக்கமாக் கேக்கறதுதான்" என்று கையை ஆட்டிவிட்டாள்.

அந்தக் கை ஆட்டல் இந்த அறையில் அவள் நெஞ்சில் வந்து இடித்தது.

"எங்க வீட்டுக்காரருக்குக் காதுதாங்க போச்சு. வாய் போகல. படிப்புப் போகல. அவர் காதுக்குள்ள வெக்கற சாமானுக்கு நான் பேசணுமா? உள்ள உறுத்துதா, வலிக்குதா, எனக்கு எப்படிங்க தெரியும்? அவரக் கேக்காம அவரப் பத்திப் பேசறதுக்கு ஒலகமே இருக்கு. நீங்களும் ஒரு கடையத் தொறந்து வெச்சு அதையே பண்ணணுமா?"

முதலாளி டீக்குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். போதும் என்று அர்த்தம். அவள் தொடவில்லை.

"வேலைய முடிச்சுக் குடுப்பீங்களா, நான் வேற எடம் பாக்கட்டுமா?" என்று கடைக்காரர் முதலாளியிடம் கேட்டார். குரல் அப்போதும் மெல்லியதாகவே இருந்தது.

"நான் பாஸ் போட மாட்டேன் தம்பி" என்றாள் அக்கா. "நீங்க வேணா போட்டுக்குங்க."

முதலாளி வீரவசனம் பேசுகிற ஆள் இல்லை. தொழில் போய்விடுமோ என்கிற பயம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மெல்ல ஆரம்பித்தார். "எழுதிக் கேக்கற மாதிரி ஒரு பெட்டி வெச்சிடலாம்ணே. பதில் எழுத உங்க கடையிலேர்ந்து ஒருத்தரப் போடுங்க. கேள்வி கேட்டுப் பதில் கெடச்சவங்கதான் துணிஞ்சு வாங்குவாங்க. திருப்பி அனுப்பறதுக்கும் ஒரு பட்டன் போட்டுடறேன்."

மாலை வரை பேரம் நடந்தது. பெட்டி வந்தது, பொத்தான் வந்தது, பேட்டரிக் கட்டத்தின் டிக் போனது. கடிகாரத்தை மட்டும் கடைக்காரர் விடவில்லை. "அது என் மச்சானோட ஐடியா, தொடாதீங்க" என்றுவிட்டார். அக்காவும் விடவில்லை; பாஸ் போடவில்லை. முதலாளியே போட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவரைத் தம்பி என்று கூப்பிடாமல் 'சார்' என்றாள். அதைவிடப் பெரிய வசவு அவளிடம் கிடையாது.

கடை திறந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்ததும், போனில் அந்தக் கடையைத் திறந்து வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். "நீங்களே பாருங்க. நீங்களே வாங்குங்க" என்று அவர் முகத்துக்கு நேரே நின்று வாயசைத்துச் சொன்னாள். அவர் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் எழுதிக் கேட்கிற பெட்டியைக் கண்டுபிடித்தார். ஆள்காட்டி விரலால், அச்சுக் கோக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். விலையைக் கேட்பார் என்று அக்கா நினைத்தாள். எட்டித் தலைகீழாகப் படித்தாள். 'இதை மாட்டினால் என் குரல் எனக்குக் கேட்குமா?' என்று எழுதியிருந்தார்.

இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் இதைக் கேட்டதில்லை. அவளும் இதை நினைத்ததில்லை.

எழுதி முடித்தவருக்கு அதை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. விரல் திரைக்குமேல் அங்குமிங்கும் அலைந்தது. மூலையில் அம்புக்குறி போட்ட பொத்தான் இருந்தது. விரல் அதைத் தாண்டித் தாண்டிப் போனது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

அக்கா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.