பென்சில் வட்டம்

இடது காதில் செருகிய பென்சிலை உருவி, காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக்கொண்டுதான் அவர் படிக்கவே ஆரம்பிப்பார். ஏதாவது ஒரு சொல் உறுத்தினால் பென்சில் தானாக இறங்கி அதைச் சுற்றி ஒரு வட்டம் போடும். கூடவே வாயும் முணுமுணுக்கும்: “எங்கயோ இடிக்குதே.” நாளுக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லிச் சொல்லி, அந்த மின்விசிறிக் கம்பெனியில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. இடிக்குதம்மா. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் இந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டவில்லை என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள்.

கம்பெனியை ஏமாற்ற வருகிறவர்களை முன்கூட்டியே மடக்குவது அவர் வேலை. இல்லாத கடையின் பெயரில் வரும் ஆர்டர், ஓடுகிற விசிறியை எரிந்துவிட்டதாகச் சொல்லும் புகார், எல்லாம் அவர் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஓர் ஆள். கதவில் ‘மோசடித் தடுப்புப் பிரிவு’ என்று எழுத வந்த பெயின்டர் எழுத்தைத் தாராளமாகப் போட ஆரம்பித்து, பலகையில் இடம் போதாமல், ‘மோசடிப் பிரிவு’ என்று முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் யாரும் அசையவில்லை. தொலைபேசி அடித்தால் இவரும் சளைக்காமல், “மோசடிப் பிரிவு, சொல்லுங்க” என்பார்.

பேனாவை மட்டும் தொடமாட்டார். “பேனாவால வட்டம் போட்டா அந்த ஆளு பேர்ல அது நின்னுடும்ங்க. நாளைக்கு அவர் நல்லவர்னு தெரிஞ்சா நான் எதை வச்சு அழிக்கிறது?” ரப்பர் அவருடைய மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு கடைக்காரர் ஒரே மாதத்தில் இருபத்து மூன்று விசிறிகளை எரிந்துபோனதாகத் திருப்பி அனுப்பினார். சந்தேகமே இல்லை, ஏமாற்றுக்காரர்தான் என்று விற்பனைப் பிரிவு முடிவே கட்டிவிட்டது. இவர் இரண்டு பேருந்து மாறி அந்தத் தெருவுக்கே போனார். தெருவில் மின்சாரம் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வீட்டு விளக்கே கண் சிமிட்டியதாம். திரும்பி வந்து கோப்பைத் திறந்து, இருபத்து மூன்று வட்டங்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். அதற்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அப்படி ஒரு நிம்மதி.

வீட்டிலும் இதே கதைதான். வெளியூரில் படிக்கும் மகளிடமிருந்து ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று மின்னஞ்சல் வந்தால் உடனே கணவரிடம், “என்னங்க, உங்க பொண்ணு போனைத் தொலைச்சுட்டா” என்பார். மகள் எப்போதும் ‘ம்மா’ என்றுதான் ஆரம்பிப்பாள். கணவர் நம்பாமல் மகளின் விடுதிக்குக் கூப்பிட்டுக் கேட்பார். போன் தொலைந்துதான் போயிருக்கும்.

ஊரில் உள்ள காகிதமெல்லாம் இப்படி அவரோடு பேசும். ஆனால் முதலாளி பேசியதில்லை. இந்த மேசைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் அவர் தட்டச்சுப் பிரிவில் இருந்தார். முதலாளி சாய்வான கையெழுத்தில் கிறுக்கி அனுப்பும் கடிதங்களை எல்லாம் தட்டியவர் இவர்தான். அந்த மனிதர் எங்கே காற்புள்ளி வைப்பார், எந்த வார்த்தையில் கோபம் ஏறும் என்று இவருக்கு அத்துப்படி. அவருக்கோ இப்படி ஒருத்தர் இருப்பதே தெரியாது. மின்தூக்கியில் ஒருமுறை இருவரும் சேர்ந்து போனபோது, “எந்த மாடிக்கும்மா? விருந்தாளியா?” என்று கேட்டிருக்கிறார். அதை இவர் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் மேசையைத் துடைப்பார்.

அந்த முதலாளியிடமிருந்து முதன்முதலாக இவர் பெயருக்கே ஒரு குறிப்பு வந்தது. அதே சாய்வான கையெழுத்து. ‘இந்தப் பிரிவு எதற்கு? மாதக் கடைசிக்குள் விளக்கம் வேண்டும்.’ அவ்வளவுதான். விளக்கம் சரியில்லாவிட்டால் மேசையை எடுத்துவிடுவார்கள், ஐம்பத்து நான்கு வயதில் இவர் வீட்டுக்குப் போக வேண்டும். நான்கு நாள் எழுதி எழுதிக் கிழித்தார். “திருடன் வரலைங்கிறதுக்கு நான் என்னத்தைங்க ஆதாரம் காட்டுறது?” என்று கணவரிடம் கேட்டு நான்காம் நாள் இரவு சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் கிடங்குக்கு முதலாளியின் மின்னஞ்சல் வந்தது. எண்ணூறு விசிறிகளை இன்றே இந்தப் புது விலாசத்துக்கு அனுப்ப வேண்டும், மற்ற காகிதங்கள் பின்னால் வரும் என்று சொன்னது. இரண்டு லாரியில் சரக்கை ஏற்றியாயிற்று. புது விலாசம் என்றால், சரக்கை வெளியே விடும் கேட் சீட்டில் இவர் கையெழுத்து வேண்டும். சீட்டோடு மின்னஞ்சலின் பிரதியும் வந்தது. பென்சில் இறங்கியது. ‘தயவுசெய்து’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்.

முதலாளியைக் கூப்பிட்டால் தொலைபேசி அணைந்திருந்தது. விமானத்தில் இருந்தார். பொது மேலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

“முதலாளி மெயில்லயே வட்டம் போடுவீங்களா நீங்க?”

“எங்கயோ இடிக்குது சார்.”

“அவரோட சொந்த மெயில் விலாசத்துல இருந்துதானே வந்திருக்கு? நீங்க போடலைன்னா நானே கையெழுத்துப் போடறேன்.”

“தாராளமா போடுங்க சார். பக்கத்துல உங்க பேரையும் நேரத்தையும் மட்டும் எழுதிடுங்க.”

மேலாளர் பேனாவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “என்ன ஆனாலும் பொறுப்பு உங்களுதுதான், பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை லாரிகள் கேட்டருகே நின்றன. ஓட்டுநர்கள் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு தூக்கமும் போட்டார்கள். இவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. மின்னஞ்சல் உண்மையாக இருந்தால் விளக்கம் எழுதும் தொல்லைகூட மிச்சம், இன்றைக்கே வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம். ரப்பரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு விமானம் இறங்கி முதலாளி பேசினார்.

“எந்த எண்ணூறு விசிறி?”

மறுநாள் காலை முதலாளியின் கூட்ட அறையில் ஐந்து மேலாளர்கள் உட்கார்ந்திருக்க, இவர் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தார். யாரோ முதலாளியின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று கணினிப் பிரிவு சொல்லிவிட்டது. அந்தப் புது விலாசத்தில் பூட்டிய கொட்டகை ஒன்றுதான் இருந்ததாம்.

“மெயில் விலாசம் என்னுது, பேர் என்னுது, நான் எழுதற மாதிரியே எழுதியிருக்கான். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?” என்று முதலாளி கேட்டார்.

ஏதாவது கணினி சமாச்சாரம் சொல்லித் தப்பித்திருக்கலாம். பொது மேலாளர் கண்ணாலேயே அதற்கு ஜாடை காட்டினார். ஆனால் இவருக்குப் பொய் வராது. பொய்யோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அது மட்டும் ஒட்டவில்லை.

“அதுல ‘தயவுசெய்து’ன்னு இருந்துச்சு சார்.”

“இருந்தா?”

“பதினோரு வருஷம் உங்க கடிதமெல்லாம் நான்தான் சார் டைப் அடிச்சேன். ஒரு தடவைகூட அந்த வார்த்தையை அடிச்சதில்ல.”

ஐந்து மேலாளர்களும் ஒரே நேரத்தில் தங்கள் தேநீர்க் கோப்பைகளை ஆராய ஆரம்பித்தார்கள்.

“அப்ப எனக்கு மரியாதை தெரியாதுங்கிறீங்க.”

“இல்ல சார். அவசரம் ஜாஸ்திங்கிறேன்.”

முதலாளி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மின்னஞ்சல் பிரதியில் இருந்த பென்சில் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வீட்டுலயும் இதைத்தான் சொல்றாங்க” என்றார், யாரிடம் என்றில்லாமல். கூட்டம் முடிந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்” என்று தன்னையே திட்டிக்கொண்டார். கணவர் மட்டும், “நீ சும்மா இருந்திருந்தாத்தான் எனக்கு இடிச்சிருக்கும்” என்றார். அந்த மனிதரை இதற்காகவே கும்பிடலாம். மேசையின் இழுப்பறையை மெதுவாகக் காலி செய்ய ஆரம்பித்தார் இவர். மகளின் பழைய புகைப்படம், ஒரு சீப்பு, பாதி தேய்ந்த பதினான்கு பென்சில்கள்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் அவருக்கு முதலாளியின் மின்னஞ்சல் வந்தது. வழக்கம்போல அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ‘அம்மா, தயவுசெய்து நாளை பதினோரு மணிக்கு என் அறைக்கு வாருங்கள். உங்கள் பிரிவுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று நினைக்கிறேன், நீங்களே தேர்ந்தெடுங்கள். மேலாளர்கள் எல்லோருக்கும் நீங்கள் ஒரு நாள் வகுப்பு எடுக்க வேண்டும், நானும் வந்து உட்காருகிறேன். கதவில் உள்ள பலகையை நேற்றுதான் பார்த்தேன். மன்னிக்கவும்.’

கண் நிறைந்துவிட்டது. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஆனாலும் பென்சில் இறங்கி, அந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டது. அவர் முதலாளியின் அறைத் தொலைபேசி எண்ணை அழுத்தினார்.

“சார், மோசடிப் பிரிவுல இருந்து பேசறேன். உங்க பேர்ல எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு. நீங்க அனுப்பினதுதானா?”



“ஏன், எங்க இடிக்குது?”

“‘தயவுசெய்து’ன்னு இருக்கு சார்.”

இந்த முறை அவர் சிரித்தார். வாய்விட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

“நான்தாம்மா. இப்பத்தான் பழகிக்கிட்டிருக்கேன்.”

“சரிங்க சார்” என்று தொலைபேசியை வைத்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ரப்பரை எடுத்தார். காகிதம் கசங்கிவிடாதபடி அதன் ஓரத்தை இடது கையால் அழுத்திக்கொண்டு, அந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக அழித்து, தூளை மெல்ல ஊதினார்.